கட்டப் பஞ்சாயத்து வேற, சமரசம் வேற

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் வரப்புத் தகராறோ, கிணத்துத் தண்ணி முறையோ வந்தா, வக்கீலைத் தேடறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்களைத்தான் தேடுவாங்க. காரணம் சிம்பிள். கோர்ட்டுக்குப் போனா வாய்தா மேல வாய்தா. ஊர்ல உக்காந்து பேசினா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும். அதனால "பஞ்சாயத்தே கூடாது"ங்கறவங்களோட எனக்கு ஒத்துப் போறதில்லை.

ஆனா "பழைய முறைதான் பெஸ்ட்"ங்கறவங்களோடயும் ஒத்துப் போறதில்லை. ஏன்னு சொல்றேன்.

ஆப்பிரிக்காவுல கானா நாட்டு அகான் மக்களைப் பாருங்க. அவங்க மரபுல தலைவர் பெரியவங்களோட உக்காந்து வழக்கு கேப்பார். அவர்கிட்ட நேரா பேச முடியாது, கையில கோல் வச்சிருக்கற பேச்சாளர் மூலமாத்தான் பேசணும். ராணித்தாய்க்குத் தனி அவையே உண்டு, குடும்பச் சண்டையெல்லாம் அங்க போகும். அப்படியும் குறை இருந்துச்சு. தாய்வழிச் சொத்துமுறை. புருஷன் உயில் எழுதாம செத்தா, சொத்து அவனோட தாய்வழிச் சொந்தத்துக்குப் போயிரும், பொண்டாட்டி புள்ளைங்க கையைப் பிசையணும். 1985ல சட்டம் போட்டு அதை மாத்தினாங்க. இன்னிக்கு தலைமைப் பதவித் தகராறு தவிர மத்ததுல, ரெண்டு தரப்பும் சம்மதிச்சா மட்டும்தான் தலைவர் மத்தியஸ்தம் பண்ண முடியும்.

இப்ப நம்ம மரத்தடிக்கு வாங்க. தீர்ப்பு சொல்ற இடத்துல எத்தனை பொம்பளைங்க உக்காந்து பாத்திருக்கீங்க? காலனியிலருந்து வர்றவர் உக்காந்து பேசறாரா, கை கட்டி நிக்கறாரா? சாதி மாறி கல்யாணம் பண்ண புள்ளைங்களுக்கு அங்க என்ன கிடைக்கும்? அபராதம், இல்லேன்னா ஊர் விலக்கு. தண்ணி, கடை, கோயில் எல்லாம் நிறுத்தறதுக்குப் பேரு நியாயமா? தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலதான் 2011ல சுப்ரீம் கோர்ட் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம்னு சொல்லுச்சு.

வரப்பு, தண்ணி, பாகப்பிரிவினையா? பேசித் தீருங்க. ஆனா அதை லோக் அதாலத்துல பதிவு பண்ணிடுங்க. 1987ம் வருஷச் சட்டப்படி அங்க எழுதற சமரசம் சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. கோர்ட்ல இருந்த கேஸா இருந்தா கட்டின ஃபீஸும் திரும்ப வரும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், வக்கீல் இலவசம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் கணக்கு இவ்வளவுதான். "எனக்கு இந்தத் தீர்ப்பு வேணாம்"னு சொல்லிட்டு, ஒருத்தர் பயமில்லாம எழுந்து வீட்டுக்குப் போக முடிஞ்சா அது சமரசம். முடியலைன்னா அது கட்டப் பஞ்சாயத்து. உங்க ஊர்ல எது நடக்குதுன்னு நீங்களே பாத்துக்குங்க.