புது மெஷினா, பழைய மெஷினா?

பேரணாம்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். இப்போது இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட முடியவில்லை. தெரிந்த ஏஜெண்டு ஒருவர், "வீட்லயே மெஷினைப் போட்டுக்கம்மா, வெட்டின தோலை நானே கொண்டாந்து தர்றேன்" என்கிறாராம். புது மெஷின் வாங்குவதானால் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க வேண்டும். மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து வந்த பழைய மெஷின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. மாமியார், "அடுத்தவங்க கழிச்சுப் போட்டது நமக்கு எதுக்கு?" என்கிறார். வீட்டுக்காரர், "சங்கிலி மேல மட்டும் கை வைக்காதே" என்கிறார். "அக்கா, நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

வீட்டில் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்க, தீர்ப்பு மட்டும் என் தலையிலா! இருந்தாலும் இதே கேள்வி ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்துச் சகோதரிகள் பலருக்கும் இருப்பது தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் மெஷினுக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். துணி வேறு, தோல் வேறு. ரவிக்கையில் தையல் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறோம். ஒரு தண்ணீர் அலசலில் ஊசி போன அடையாளம்கூட மறைந்துவிடும். தோலில் அது நடக்காது. ஊசி குத்திய ஓட்டை குத்தியதுதான். நடுவில் ஒரு தையல் விட்டுப்போனால் அந்த இடம் பல்லிளிக்கும். பிரித்துத் தைத்தால் ஓட்டை இரட்டிப்பாகிவிடும். ஏஜெண்டு அந்த ஜோடியைத் திருப்பித் தள்ளுவார், சில இடங்களில் தோலின் விலையையும் கூலியில் பிடிப்பார்கள். ஆகவே மெஷின் புதிதா பழையதா என்பதைவிட, உங்களுக்கு வரப்போகும் தோலில் அது ஒரு தையல்கூட விடாமல் தைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சங்கதி. நம் வீடுகளில் இருக்கும் கறுப்புத் தலை மெஷின், அதுதான் உஷா, சிங்கர், மெரிட் வகை, மெல்லிய ஆட்டுத் தோலைக்கூடத் தைக்கும். அதற்கென்று முனை கத்திபோல் தீட்டிய தோல் ஊசி கிடைக்கிறது. சாதாரண ஊசி நூலிழைகளை விலக்கிக்கொண்டு போகும், தோல் ஊசி அறுத்துக்கொண்டு போகும். பர்ஸ், சின்னப் பை தைக்க இது போதும். ஷூ அப்பருக்குப் போதாது. குதிகால் பக்கம் இணைத்ததும் அப்பர் கிண்ணம் மாதிரி வளைந்துவிடும். அதைத் தட்டையான மெஷினில் திருப்பவே முடியாது. அதனால்தான் கம்பெனியில் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும் போஸ்ட் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பாதத்துக்குப் பதில் சின்ன உருளை இருக்கும். துணி மெஷினின் பல்லு தோலில் வரிவரியாகத் தடம் போடும், உருளை போடாது. ஆக, "பவர் மெஷின் மலிவா கெடச்சுது" என்று துணிக்கான பிளாட் மெஷினை வாங்கி வந்துவிடாதீர்கள். ஏஜெண்டிடம் எந்த வேலை, எத்தனை மடிப்பு, எந்த நூல் என்று கேட்டுக்கொண்டு, பிறகு மெஷினைத் தேடுங்கள்.

(கையால் தைக்கும் மொக்காசின் வேலை வேறு. ஆம்பூர்ப் பக்கம் பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைக்கிறார்களே, அதற்கு மெஷினே வேண்டாம். ஜோடிக் கூலி மிகவும் சொற்பம் என்பது தனிக் கதை, இன்னொரு முறை எழுதுகிறேன்.)

நம் பக்கத்தில் பழைய மெஷின் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே தோலைப் பாதி பதனிட்டு அப்படியே கப்பலேற்றினார்கள். 1973 வாக்கில் மத்திய அரசு அதைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவுமாக அனுப்பச் சொன்ன பிறகு ஊருக்கு ஊர் தையல் யூனிட்டுகள் வளர்ந்தன. ஜெர்மனியின் பஃபாஃப், அட்லர், ஜப்பானின் ஜூக்கி என்று மெஷின்கள் வந்து இறங்கின. பெரிய கம்பெனிகள் நூலைத் தானே வெட்டும் புது மாடலுக்கு மாறும்போதும், சின்ன யூனிட்டுகள் மூடும்போதும் பழைய தலைகள் வெளியே வருகின்றன. அதில் வைரமும் உண்டு, கூழாங்கல்லும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயிண்டை அடித்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

பெயிண்டைப் பார்க்காதீர்கள், திருகாணிகளைப் பாருங்கள். தலை மழுங்கிய திருகாணி பல கைகள் அந்த மெஷினைத் திறந்து மூடிய கதையைச் சொல்லும். அடிப்பாகத்தில் வெல்டிங் வைத்த வடு இருந்தால், எங்கோ கீழே விழுந்த மெஷின். மேற்கொண்டு பேசாமல் வந்துவிடுங்கள்.

பிறகு மோட்டாரைப் போடாமல் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் இறுகி, ஓர் இடத்தில் தளர்ந்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. ஊசிக் கம்பியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடும் பல் மாதிரி ஆடினால் அந்த மெஷின் தையல் விடாமல் தைக்காது. அடுத்து, கைச்சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாபினைச் சுற்றி ஓடும் ஹூக்கை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தூணுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் அது கடகடவென்று ஆடும். போஸ்ட் மெஷினில் செலவு வைக்கும் இடமே இதுதான். நான் இதை எங்கள் தெருவில் மெஷின் வாங்கிய நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் முகம் அந்த நிமிஷமே மாறிவிடும்!

ஹூக்கின் மூக்கை ஒரு பழைய நைலான் புடவைத் துண்டால் தடவுங்கள். இழை மாட்டி இழுத்தால் மூக்கில் பிசிறு இருக்கிறது, நூல் அறுக்கும். ஊசித் தகட்டின் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகடு மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் பேரம் பேச உதவும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் தைத்துப் பார்க்கும் கட்டம். கடைக்காரர் ஒரு துண்டுத் துணியை நீட்டுவார். வாங்காதீர்கள். ஏஜெண்டிடமிருந்து அதே தோலின் கழிவுத் துண்டையும் அதே நூலையும் கொண்டு போங்கள். புது ஊசி ஒன்றும் கையோடு இருக்கட்டும், ஏனென்றால் பாதிக் கோளாறு மழுங்கின ஊசியால் வருவது. ஒரு மடிப்பில் தையுங்கள், இரண்டு மடிப்பில் தையுங்கள், ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறும் இடத்தில் தையுங்கள். அந்தப் படி ஏறும்போதுதான் மெஷினின் குணம் வெளிப்படும். மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை. பிறகு துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூலின் இறுக்கம் போதவில்லை. அது ஒரு திருகில் சரியாகும், பயப்பட வேண்டாம். தையல் விட்டால் டைமிங் கோளாறாக இருக்கலாம், மெக்கானிக் சரி செய்வார். சரி செய்த பிறகும் அதே படியில் விட்டால், "வேணாங்க" என்று எழுந்துவிடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பழைய தலையோடு வருவது பெரும்பாலும் கிளட்ச் மோட்டார். ஸ்விட்சைப் போட்டதிலிருந்து நிறுத்தும் வரை, நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும், உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஓயாத சத்தம், வீண் கரண்டு. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தைக்கும் வீட்டுக்கு இது ஆகாது. கம்பெனியிலிருந்து வந்தது மூன்று பேஸ் மோட்டாராகக்கூட இருக்கும். நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது ஒரே பேஸ் லைன், அதில் அது ஓடாது. மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அதற்குப் பதில் புதிதாக ஒரு சர்வோ மோட்டார் போட்டுக்கொள்ளலாம். மிதித்தால்தான் சுற்றும், வேகத்தைக் குறைத்து வைக்கலாம், சத்தமே கேட்காது. தலை பழையது, மோட்டார் புதியது. இப்படி ஒரு நடுவழி இருப்பதைக் கடைகளில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், உங்கள் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு 300 ரூபாய் கூலி. பழைய மெஷின் மாதத்தில் இரண்டு நாள் படுத்துக்கொண்டால் 600 ரூபாய் போச்சு. மெக்கானிக்குக்கு 400. ஆக மாதம் 1,000. அந்த 20,000 ரூபாயைக் கரைக்க அதற்கு 20 மாதம் ஆகிறது. அந்தப் பக்கம் சங்கிலியை 20,000 ரூபாய்க்கு அடகு வைத்தால், வருஷ வட்டி 12 சதவீதம் என்றாலும் மாதம் 200 ரூபாய் வட்டி மட்டும். இப்படிப் பார்த்தால் பழசுதான் ஜெயிக்கிறது. ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. சரக்குக் கொடுக்கும் நாளில் மெஷின் நின்றால் ஏஜெண்டு காத்திருக்க மாட்டார், அடுத்த தெருப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார். கூப்பிட்டால் அன்றே வரக்கூடிய மெக்கானிக் உங்கள் ஊரில் இல்லையென்றால் பழைய மெஷின் பக்கமே போகாதீர்கள், வாரன்ட்டியும் சர்வீஸும் சொல்லும் புதுசுதான் உங்களுக்கு. வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தாலும் புதுசுக்கே வழி சுலபம். அவர்கள் கொட்டேஷன் கேட்பார்கள், பில் கேட்பார்கள். மூடிப்போன யூனிட்டின் வாட்ச்மேன் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு அங்கே செல்லாது.

புதுசு வாங்கினாலும் தைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு தூக்கி வந்து டைமிங்குக்காக ஒரு வாரம் அலைந்தவர்களும் உண்டு.

ஆர்டர் என்பது நம் கையில் இல்லாத சமாசாரம் என்பதையும் மறக்காதீர்கள். 2020ல் கொரோனாவின்போது மெஷின்கள் மூலையில் கிடந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது தோல் தொழிலுக்கு மறுபடி அடி விழுந்தது. அப்படிப்பட்ட மாதங்களில் பழைய மெஷினை வாங்கின விலைக்குக் கொஞ்சம் குறைவாகவாவது விற்றுவிடலாம். புதுசு கடையை விட்டு வெளியே வந்த அன்றே பழசாகிவிடுகிறது, அடகுக் கடை வட்டியோ ஒரு மாதம்கூட ஓய்வெடுக்காது.

பேரணாம்பட்டு சகோதரிக்கு என் யோசனை இதுதான். உங்களுக்குக் கை தேர்ந்த வேலை, மெஷினின் சத்தத்திலேயே கோளாறு தெரியும். பழைய மெஷினைத் தோலில் தைத்துப் பாருங்கள். நான் சொன்ன சோதனைகளில் தேறினால் வாங்கி, சர்வோ மோட்டார் போடுங்கள். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். அதற்கும் முன்னால், மாதம் எத்தனை ஜோடி, கெட்டுப்போன ஜோடிக்கு யார் பொறுப்பு, கூலி எந்தத் தேதியில் என்று ஏஜெண்டிடம் கணவர் முன்னிலையில் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மழுப்பினால் எந்த மெஷினும் வேண்டாம்.

மாமியார் சமாதானமாக, மெஷின் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை சில. பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போடுங்கள், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினாகப் பிடித்துக்கொள்ளும். பழைய ஒயரைக் கழற்றி, எர்த் உள்ள மூன்று பின் பிளக் போடச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல்தான் பழைய மெஷின்கள் வரும். அந்த மூடியை மாட்டிய பிறகே தைக்க உட்காருங்கள், சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தால் ஒன்றரை வயதுக் கை சும்மா இருக்குமா? உட்காரும் நாற்காலிக்கு முதுகு இருக்கட்டும், வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழட்டும். தோலை ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை ஜன்னல் ஓரத்தில் வையுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம். அதன் ஆவி தலைவலி தரும், நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும். குழந்தை தூங்கும் அறையில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள்.