மத்தியான மின்சாரத்துக்கு மதிப்பில்லையாம்

2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்துக்கு மேளமடித்து அரசு கூரையில் ஏற்றச் சொன்ன சூரிய மின்தகடுகளை, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது இலங்கை மின்சார சபை. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வெயிலோ வஞ்சகமில்லாமல் எறித்தது. வாங்க ஆளில்லாத மின்சாரம் வலையமைப்பையே கவிழ்த்துவிடும் என்ற பயம் பொய்யில்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் கடன் எடுத்து மின்தகடு ஏற்றிய ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். நண்பகலில் செயலியில் ஏறும் மின்னுற்பத்திக் கோட்டை, பேரனின் பரீட்சை மார்க்ஸைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அந்த வங்கிக் கடனின் தவணை அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது.

தொடக்கத்தில் இருந்தது பண்டமாற்று: பகலில் ஒரு அலகு கொடுத்தால் இரவில் ஒரு அலகு. பிறகு காசாக்கினார்கள்: முதல் 7 ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15.50 ரூபா. அதற்குப் பிறகு விலை ஏறியும் இறங்கியும் ஆடுகிறது. பழைய ஒப்பந்தக்காரருக்குப் பழைய விலை. இன்று ஏணி வைப்பவருக்கு இன்றைய விலை. ஒரே வெயில், ஒரே ஒழுங்கை, இரண்டு பில்.

மத்தியான அலகின் விலையைக் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்திப்பட்டதும் ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரத்து அலகுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். பற்றரி வாங்கக் குறைந்த வட்டியில் கடனும் கொடுங்கள். ரீச்சர் மத்தியான வெயிலைச் சேமித்து வைத்து இரவு ஏழு மணிக்குத் தருவார். கணக்கில் அவர் கெட்டிக்காரி.