தலத்தெருவுக்கு மேற்கே ஒரு பழைய பவளக் கடல்: கல்லக்குடி பாறை சொல்லும் வெப்பக் கணக்கு என்ன?

காரைக்கால் தலத்தெருவில் இருந்து நேர் மேற்கே சுமார் 100 கி.மீ. போனால் கல்லக்குடி. 'டால்மியாபுரம்' என்ற பெயரை மாற்றக் கோரி 1953-ல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துப் போராடிய ஊர். ஊர்ப் பெயர் மாறிவிட்டது. ஆனால், அங்குள்ள சுண்ணாம்புப் பாறையை நிலவியல் ஆய்வாளர்கள் இன்னும் 'டால்மியாபுரம்' என்றுதான் அழைக்கிறார்கள்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. பவளங்களும் பாசிகளும் சேர்ந்து உருவாக்கிய பாறை அது. தலத்தெருவும் அதே காவிரிப் படுகையின் மேல்தான் இருக்கிறது. இங்கே பழைய அடுக்குகள் ஆழத்தில் புதைந்துகிடக்கின்றன.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

உலகப் பவளப்பாறைகள் 4-வது முறையாகப் பெருமளவில் வெளுத்துவருவதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது. காரணம், கடல் வெப்பம். முன்பு கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய சூட்டை எடைபோட முடியும். 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏது தெர்மாமீட்டர்? பாறைதான் தெர்மாமீட்டர்!

எப்படி அளக்கிறார்கள்?

ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என ஐசோடோப்புகள் உண்டு. கடல்நீர் குளிர்ந்தால், சிப்பி ஓட்டில் ஆக்சிஜன்-18 கொஞ்சம் கூடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், நீர் சுமார் 4 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று கணக்கு. ஹெரால்டு யூரி 1947-ல் முன்வைத்த யோசனை இது.

கார்பன் வேறு கதை சொல்லும். தாவரங்களுக்கு எடை குறைந்த கார்பன்-12 தான் பிடிக்கும். தாவர மிச்சமான நிலக்கரியை எரித்தால் அதே கார்பன் காற்றிலும் கடலிலும் கலக்கிறது. இன்றைய பவளங்களில் அந்தத் தடயம் பதிவாகியிருக்கிறது.

அப்படியே நம்பலாமா?

கூடாது. பாறை கடலுக்கு மேலே வந்து மழைநீர் புகுந்தால் ஆக்சிஜன் மாறிவிடும்; கடல் உண்மையைவிடச் சூடாக இருந்ததுபோல் காட்டும். கார்பன் அவ்வளவு எளிதில் மாறாது. அதனால், சிதையாத ஓடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்கி எடுத்துத்தான் அளக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

பாறையை நன்றாகக் கண்ணுக்குக் காட்டுவது சிமென்ட் சுரங்கங்கள். அதை அரைத்துத் தீர்ப்பதும் அவைதான். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதாவது, பழைய வெப்பத்தின் சாட்சியே புதிய வெப்பத்துக்குக் காரணமாகிறது.

சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், சுரங்கத்தில் ஒரு பக்கச் சுவரையாவது வெட்டாமல் விட்டுவைக்கலாம். கடல் சூடானால் நீர் விரிந்து மட்டம் உயரும். முதலில் பாதிக்கப்படுவது தலத்தெரு போன்ற தாழ்வான டெல்டா ஊர்கள்தான். அந்தக் கணக்குக்கான பழைய ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது, அரைபடாத வரை.