வராத பனிப்புயலும் வீணாகாத விடுமுறையும்

2015 ஜனவரி 26ஆம் நாள், திங்கட்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக் கடைகளில் பாலும் ரொட்டியும் வாங்கப் பெருங்கூட்டம். நகரில் 50 முதல் 75 செ.மீ. உயரம் வரை பனி கொட்டும் என்று அந்நாட்டுத் தேசிய வானிலைத் துறை எச்சரித்திருந்தது. இரவு 11 மணிக்குச் சாலைகளில் வண்டிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. சுரங்க இரயிலும் நின்றது. 1904இல் ஓடத் தொடங்கிய அந்த இரயில், பனியை முன்னிட்டு முற்றிலும் நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்கு மறுநாள் விடுமுறை.

பொழுது விடிந்தது. பனி பெய்துதான் இருந்தது. ஆனால் சொன்ன அளவு இல்லை. சென்ட்ரல் பார்க் பூங்காவில் அளந்தபோது ஏறத்தாழ 25 செ.மீ. தான். காலையிலேயே சாலைத் தடையை நீக்கிவிட்டார்கள். அன்று வீடுகளில் நிலவிய மனநிலையை நாம் எளிதில் ஊகிக்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கோ எரிச்சல். "இதற்காகவா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அடைந்து கிடந்தோம்? இனி இவர்கள் சொல்வதை யார் நம்புவது?" என்ற கேள்வி எழுந்தது. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், மவுன்ட் ஹோலி வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்பே கேட்டுக்கொண்டார்.

மாணவ நண்பர்களே! அந்த எரிச்சல் இயற்கையானதே. ஆனால் அது விஞ்ஞான நோக்கு ஆகாது என்பது என் கருத்து.

முதலில், புயல் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். "புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் புலியையே காணாமல் பொய் சொன்னான். இங்கே புலி உண்மையிலேயே வந்தது; பக்கத்து ஊருக்குப் போய்விட்டது! நியூயார்க்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ள ஐஸ்லிப்பில் 63 செ.மீ. பனி கொட்டியது. பாஸ்டன் நகரில் 62 செ.மீ., வூஸ்டர் நகரில் 87 செ.மீ. அட்லாண்டிக் கடல்மேல் சுழன்ற குறையழுத்த மண்டலம், எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கிழக்கே தள்ளிச் சென்றது. இத்தகைய புயலில் கனத்த பனி விழும் பட்டையின் ஓரம் மிகக் குறுகலானது. அந்த ஓரம் சிறிது நகர்ந்தாலும் ஒரு மாநகரமே தப்பிவிடும். மேலும், 1 செ.மீ. மழையாகப் பெய்யக்கூடிய நீர், பனியாக விழும்போது ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். எனவே நீரளவில் நேரும் சிறு தவறுகூடப் பனியளவில் பெரிதாகத் தோன்றும்.

அடுத்து, அன்று வீட்டிலிருந்தது நஷ்டமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நகரை ஒரு நாள் மூடுவதால் வரும் நஷ்டம் 1 பங்கு என்று கொள்வோம். மூடாமல் விட்டுப் புயல் வந்துவிட்டால் நஷ்டம் 10 பங்கு. மூடியிருந்தால் இந்தப் பெரிய நஷ்டம் தவிர்ந்துவிடும். புயல் வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இத்தகைய எச்சரிக்கை ஐந்து முறை வந்து, ஐந்து முறையும் மூடினால் மொத்த நஷ்டம் 5 பங்கு. ஒரு முறையும் மூடாவிட்டால், புயல் வரும் அந்த ஒரு நாளிலேயே 10 பங்கு போய்விடும். ஆகவே ஐந்து முறையும் வீட்டிலிருப்பதே இலாபம். ஆனால் அவற்றுள் நான்கு நாட்கள் புயல் வராது! சரியான முடிவு, நான்கு முறை முட்டாள்தனமாகத் தோன்றும். முடிவை எடுத்தபோது தெரிந்திருந்தவற்றைக் கொண்டுதான் அதை எடைபோட வேண்டும். மறுநாள் தெரிந்ததைக் கொண்டு எடைபோடுவது நியாயமாகாது.

மூடாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அதற்கு ஓராண்டு முன்பு, 2014 ஜனவரி 28 அன்று, பனிக்கு அவ்வளவாகப் பழகாத அட்லாண்டா நகரில் அதிகாலையில் எச்சரிக்கை வந்தது. பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன. விழுந்த பனி 7 செ.மீ.கூட இல்லை. பனியைக் கண்டதும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே வேளையில் எல்லோரையும் வெளியே அனுப்பின. சாலைகள் உறைந்து, வண்டிகள் நகர முடியாமல் நின்றன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்றிரவு பள்ளியிலேயே தங்க நேர்ந்தது. சிலர் பேருந்துகளிலேயே இரவைக் கழித்தார்கள். நியூயார்க் குழந்தைகள் தம் வீட்டில் சலிப்போடு கழித்த பகலை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஓய்வு நாள். மணிக்கணக்கில் கூலி பெறுபவருக்கு அது வருமானமற்ற நாள். பள்ளியில் கிடைக்கும் உணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கும் அது இழப்பே. இவர்களுடைய 1 பங்கு மற்றவர்களுடைய 1 பங்கைவிடப் பெரியது. ஆகவே எச்சரிக்கையைத் தாராளமாக வாரி வழங்கவும் கூடாது.

பின் என்னதான் வழி? எச்சரிக்கையோடு நிகழ்தகவையும் சேர்த்துச் சொல்வதே. ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல், கணிப்பொறியில் கொடுக்கும் தொடக்க எண்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே நாளுக்குப் பல கணிப்புகளைத் தயாரித்து வருகிறது. இன்று அவை ஐம்பதுக்கு மேல். அவை யாவும் ஒத்துப்போனால் நம்பிக்கை மிகுதி. பலவாறு சிதறினால் ஐயம் மிகுதி. 2015இலும் எல்லாக் கணிப்புகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. பனி மிகக் குறைவாக இருக்கும் வாய்ப்பும் உண்டு என்பது மக்களின் காதில் உரக்க விழவில்லை. குறை சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வராத புயலுக்காக வீட்டிலிருக்கும் நாளை நல்ல ஆய்வு நாளாக்கலாம். அங்கே ஒரு குடும்பத்துக்கு அளவுகோல் ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். அறிவித்த அளவு ஒரு பத்தியில், முற்றத்தில் அளந்த அளவு மறு பத்தியில். ஒரே ஒரு வரியைக் கொண்டு யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. முப்பது வரிகள் சேரட்டும். பிறகு தீர்ப்புச் சொல்லலாம். பனி பெய்யாத ஊரில் மழைக்கும் இதே குறிப்பேடு பொருந்தும்.

2016 ஜனவரி 23 அன்று நியூயார்க்கில் மீண்டும் எச்சரிக்கை. மீண்டும் சாலைகளில் தடை. "போன வருடம் சொன்னதுதானே" என்று எண்ணியவர்களும் இருந்திருக்கலாம். இம்முறை புலி வந்தேவிட்டது. அந்தப் புயலில் சென்ட்ரல் பார்க்கில் 70 செ.மீ. பனி குவிந்தது, 1869 முதல் வைத்துவரும் பதிவேட்டில் அதுவே மிகப் பெரியது. முந்தைய ஆண்டு ஏமாந்த கோபத்தை மறந்து அன்று வீட்டில் தங்கியவர்களே அறிவாளிகள்.