நமக்கு எப்போது சொன்னார்கள்?

2024 ஆகஸ்ட் 13. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தை முகம் தெரியாத ஒருவர் தொடர்புகொண்டு, அதன் தகவல்கள் தன் கையில் இருப்பதாகச் சொன்னார். மறுநாளே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது நிறுவனம். தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸுக்கும், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தகவல் போனது. செப்டம்பர் 20-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகுதான் விஷயத்தின் கனம் வெளியே தெரிந்தது. பெயர், முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு எல்லாம் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார் ஹேக்கர்.

பரவலான பாதிப்பு இல்லை என்பது நிறுவனம் முதலில் சொன்ன பதில். சைபர் தாக்குதல் நடந்தது, சில தகவல்கள் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டன என்று அது உறுதிசெய்தது அக்டோபர் 9-ல். முதல் எச்சரிக்கை வந்து அதற்குள் 57 நாட்கள் ஓடிவிட்டன. இடையில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி டெலிகிராமுக்கும் ஹேக்கருக்கும் எதிராக இடைக்காலத் தடையும் பெற்றது. ஆனால், கசிந்த ஆவணங்களில் பெயர் இருந்த சிலரை ராய்ட்டர்ஸ் தேடிப்பிடித்துக் கேட்டபோது, காகிதங்கள் தங்களுடையவைதான் என்றார்கள். நிறுவனத்திடமிருந்து தங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை என்றும் சொன்னார்கள்.

போலீஸுக்குச் சொல்லியாயிற்று, பங்குச் சந்தைக்குச் சொல்லியாயிற்று, நீதிமன்றப் படியும் ஏறியாயிற்று. யாருடைய உடம்பைப் பற்றிய காகிதமோ, அவரிடம் சொல்ல ஆளில்லை. நாம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது எங்கேயோ நடக்கிற சங்கதி இல்லை. குழுக் கடனுக்கு ஆதார் ஜெராக்ஸ், நகைக் கடனுக்கு பான் கார்டு, ஆபரேஷன் கிளெய்முக்கு டிஸ்சார்ஜ் சம்மரி என்று கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். நாளைக்கு ஒருவன் போன் போட்டு, பாலிசி நம்பரையும் ஆபரேஷன் நடந்த தேதியையும் சரியாகச் சொல்லி, "கிளெய்ம் பணம் பாக்கி இருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? விவரம் வெளியே போயிருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்தான் சுதாரித்துக்கொள்வார்.

2024 அக்டோபர் 25-ல் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்களுக்குள் வெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. வாசலுக்கு வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றலாம், பிள்ளைகளை மாடிக்கு அனுப்பலாம். தகவல் கசிவு அப்படிக் கண்ணில் படாது. வைத்திருந்தவர் வாய் திறந்து சொன்னால் உண்டு.

ஆகவே, ஒரு நிறுவனம் இத்தகைய நெருக்கடியை எப்படிக் கையாண்டது என்பதற்கு நாம் கேட்கும் முதல் அளவுகோல் இது: அதற்குத் தெரிந்த நாளுக்கும் நமக்குத் தெரிந்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள்?

நிறுவனங்கள் விரும்பிக் காட்டும் கணக்குகள் வேறு. 'இந்த ஆண்டு ஒரு சம்பவமும் இல்லை' என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் ஊபர் நிறுவனத்தில் 2016-ல் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, ஓராண்டு மூடி மறைத்தார்கள். புதிய நிர்வாகம் வந்து 2017 நவம்பரில் சொன்ன பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதன் பாதுகாப்புத் தலைவராக இருந்தவரை 2022-ல் குற்றவாளி எனத் தீர்மானித்தது நீதிமன்றம். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், அந்த ஓராண்டு முழுவதும் இந்தத் திருட்டு கணக்கிலேயே வந்திருக்காது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் போட்டால் மறைப்பவருக்குப் பரிசு, ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனை என்றாகிவிடும்.

'சராசரியாக ஒரு நாளில் சரிசெய்தோம்' என்பது இன்னொரு கணக்கு. ஆள் மாறிப் போன பத்து மெயில்களை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால் சராசரி அழகாக இறங்கிவிடும். லட்சம் பேரைப் பாதித்த ஒரு கசிவு மாதக்கணக்கில் இழுத்தது அதற்குள் மறைந்துவிடும். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்த நாளை விட்டுவிட்டு, 'உறுதியான' நாளிலிருந்து எண்ணினால் எந்தத் தாமதமும் தாமதமாகத் தெரியாது.

சட்டம் ஓரளவுக்கு வந்திருக்கிறது. சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே செர்ட்-இன் உத்தரவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். சொல்லத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால், இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது, 2027 மே வரை காத்திருக்க வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. வாரியத்துக்கு 72 மணி நேரம் என்று கெடு வைத்தவர்கள், நமக்கு 'தாமதமின்றி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சம்மதம் கேட்கும் அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வழி செய்திருக்கும் சட்டம், கசிவைச் சொல்லும் அறிவிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இழப்பீடு கேட்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது.

நமது கோரிக்கைகள் இவை. மக்களின் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அரசுத் துறையும், ஆண்டுதோறும் சில கேள்விகளுக்குப் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். கசிவு எப்போது தெரிந்தது, தானாகக் கண்டுபிடித்தார்களா, வெளியார் சொல்லித் தெரிந்ததா? பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில், அவர்கள் மொழியில் சொன்னார்கள்? முதலில் சொன்னது பின்னால் நிலைத்ததா? அதே ஓட்டை வழியாக மறுபடியும் கசிந்ததா? இந்தப் பதில்களைத் தரவுப் பாதுகாப்பு வாரியம் ஒரே பட்டியலாகத் தமிழிலும் வெளியிட வேண்டும். நமக்குச் சொல்வதற்கும் மணிக்கணக்கில் கெடு வேண்டும். இழப்பீட்டு உரிமை திரும்ப வேண்டும்.

வாசகர்களே, உங்கள் விவரம் கசிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகக் கேள்வி அனுப்புங்கள். அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்த முறை பாலிசி எடுக்கும்போது, பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், "எங்கள் விவரம் வெளியே போனால் எத்தனை நாளில் சொல்வீர்கள்?" என்றும் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.