மைந்தர் காட்டும் வழி

வழியறிந்தோர் அறியாதோர்க்கு வழிகாட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. அவற்றுள் மலைபடுகடாம், மலைவழியின் இடர்களையும் வளங்களையும் 583 அடிகளில் விரித்துரைத்துக் கூத்தரை நன்னனிடத்து ஆற்றுப்படுத்துகின்றது. அந்நூலைப் பல்லாண்டு கற்பித்த நாம், அக்குறணை மலைச்சரிவொன்றில் வழி தெரியாது நின்ற வேளையில், எம்மை ஆற்றுப்படுத்தியவன் பன்னிரண்டு வயதுடைய எம் மகனே.

சாரணர் பயிற்சிக்கென அவன் படமும் திசைகாட்டியும் ஏந்திப் புறப்பட்டான். காவலுக்கென நாம் குடையுடன் பின்சென்றோம். மிளகுக் கொடிகளும் கராம்பு மரங்களும் செறிந்த சரிவில் சிறிது தூரம் சென்றதும், தொலைவில் தெரிந்த பள்ளிவாசல் மினாராவைச் சுட்டி, “இதுவே நம் வீட்டுப் பக்கம்” என்றோம். அக்குறணையில் மினாராக்கள் பல என்பதை மறந்தோம்! “அப்பா, முதலில் படத்தைத் திருப்பிப் பிடியுங்கள்; படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்தட்டும்” என்றான் மகன். பொருந்திற்று, வழியும் தெரிந்தது. நாற்பதைக் கடந்த பின்னர் நாம் இவ்விளையாட்டிற் புகுந்த வரலாறு இதுவே.

ஓரியன்டீரிங் என மேனாட்டார் வழங்கும் இதனைத் திசையறி விளையாட்டு எனலாம். படத்திற் குறித்த இடங்களை வரிசைப்படி கண்டு மீளல் வேண்டும். இடையிலுள்ள வழியைத் தெரிந்துகொள்ளல் அவரவர் அறிவைப் பொறுத்தது. சமவுயரக்கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்தானது. அங்கே நேர்வழியினும் சுற்றுவழியே விரைவில் சேர்க்கும். 1897 இல் நோர்வேயில் பொதுமக்களுக்கான முதற்போட்டி நிகழ்ந்தது. 1961 இல் பத்து நாடுகள் கூடி உலக இணையத்தை நிறுவின. சுவீடனில் 1965 இல் தொடங்கிய ஓ-ரிங்கன் விழாவிலே சிறுவரும் முதியவரும் தத்தம் வயதுப் பிரிவிற் பங்குகொள்கின்றனர். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே நாளில் ஒரே காட்டில் ஆடக்கூடிய விளையாட்டுகள் மிகச் சிலவே.

நம்மிடையேயோ, பெற்றோர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுவதோடு அமைகின்றனர். “இந்த வயதில் ஓட்டமா?” என்பர் சிலர். ஓடவேண்டுவதில்லை; நடந்தாலும் போதும். “அட்டை கடிக்குமே” என்பர் வேறு சிலர். கடிக்கும், உப்பும் சவர்க்காரமும் உள. இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. பிள்ளையின் கையிலுள்ள படத்தைப் பறித்து, தாமே வழிநடத்த முற்படும் பெற்றோரின் இயல்பே அது. நாமும் அதற்கு விலக்கல்லேம். படம் பிள்ளையின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அவன் பிழைபட்டால் உடன் பிழைபட்டு, உடன் மீள்வதே பெற்றோர் கடன். அதனால் நம் மதிப்புக் குறைவதில்லை. தந்தையும் கற்கின்றார் என்பதைக் கண்ட பிள்ளை கல்வியை மேலும் மதிக்கின்றான்.

இது வெறும் பொழுதுபோக்கும் அன்று. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியிற் புகுவதை அறியாதார் யார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த பெருமழையால் மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்து பல உயிர்களைக் கவர்ந்தன. மண்சரிவு அபாயப் பகுதிகளைக் காட்டும் படங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைந்துள்ளது. படம் படிக்க அறியாத குடும்பத்திற்கு அவற்றால் விளையும் பயன் யாது? தன் வீடு எச்சரிவின் அடியில் உளது, நீர் எவ்வழி இறங்கும், மேட்டுக்கு எவ்வழி ஏறலாம் என்பவற்றை மழைக்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கையிற் சாரணியம் 1912 இல், நம் கண்டி–மாத்தளை வீதியின் மறுகோடியாகிய மாத்தளையிலே, கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தோன்றியது. அவ்வீதியில் வாழும் நமக்கு இக்கலை அயலதாதல் தகுமோ?

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கேடயம் ஒன்று வழங்குவதோடு அமையாது, கல்லூரிச் சூழலுக்கு 1:10,000 அளவில் நல்லதொரு படம் வரைவித்து உதவுக. ஆண்டுக்கொரு நாள் தந்தையோ தாயோ தம் பிள்ளையுடன் பத்து இடங்களைத் தேடிச் செல்லட்டும். அந்நாளில் நேரங்காட்டி வேண்டா. விதி ஒன்றே போதும்: படம் பிள்ளையின் கையில்.