அரை மில்லிவோல்ட்டைத் தேடி

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பொழுது சாய்ந்தபின் சில இரவுகளில் ஜிபிஎஸ் சமிக்ஞை தள்ளாடும். உயரே அயனமண்டலத்தில் பிளாஸ்மாக் குமிழ்கள் எழுவதே காரணம். அவை எழ வழிசெய்வது அங்குள்ள மின்புலம். பகலில் அது கிழக்கு நோக்கி இருக்கும். வடக்கு நோக்கிய காந்தப்புலத்தோடு சேர்ந்து பிளாஸ்மாவை மேலே தூக்கும். மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் இருந்தாலே வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஏறிவிடும். சூரியன் மறைந்ததும் இந்தப் புலம் திசை மாறுவதற்குமுன் சற்று நேரம் வலுக்கிறது. அதன் அளவு தெரிந்தால் குமிழ்கள் வருமா என்று கணிக்க ஒரு பிடி கிடைக்கும்.

அதற்காகவே அமெரிக்க விமானப்படை 2008 ஏப்ரலில் 'சி-நாஃப்ஸ்' என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதிலிருந்த மின்புலக் கருவி நாசாவின் கோடார்டு மையம் செய்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று ஜோடிக் கைகள். ஒவ்வொரு ஜோடியும் முனைக்கு முனை 20 மீட்டர். முனைகளில் இருக்கும் கோளங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டை அளந்து நீளத்தால் வகுத்தால் மின்புலம் கிடைத்துவிடும். கைகள் இவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வெயில் பட்டால் செயற்கைக்கோளின் உடலே எலெக்ட்ரான்களை உதிர்த்துச் சுற்றுப்புறத்தைக் குழப்பும்.

கேட்க எளிதுதான். ஆனால் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காந்தப்புலத்தை அறுத்துக்கொண்டு ஓடும்போது, அந்த ஓட்டமே மீட்டருக்கு 0.2 வோல்ட் அளவுக்கு ஒரு புலத்தை உண்டாக்கிவிடுகிறது. தேடுவதைப்போல 400 மடங்கு! கல்யாண மேளத்துக்கு நடுவே யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. வேகமும் காந்தப்புலமும் தெரியும் என்பதால் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஆனால் செயற்கைக்கோள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில் ஒரு டிகிரி பிசகினால்கூட மூன்றரை மில்லிவோல்ட் பிழை கிழக்குத் திசைக் கணக்கில் புகுந்துவிடும். தேடும் அளவைப்போல ஏழு மடங்கு. ராக்கெட் கிளம்பும் காட்சியைவிட இந்தக் கழித்தல் கணக்குதான் என்னை அதிகம் வியக்கவைக்கிறது.

இந்த நுணுக்கத்துக்கு எதிர்பாராத பலனும் கிடைத்தது. மின்னல்களால் தரைக்கும் அயனமண்டலத்துக்கும் இடையே வினாடிக்குச் சுமார் எட்டு முறை அதிரும் ஷூமான் ஒத்ததிர்வு கீழேயே அடைபட்டுக் கிடப்பதாக நினைத்திருந்தார்கள். 400 முதல் 850 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த இந்தக் கருவி இரவில் அதைப் பிடித்தது. 2011இல் அந்த முடிவு வெளியானது.

13 டிகிரி சாய்வில் சுற்றிய சி-நாஃப்ஸ் தமிழ்நாட்டுக்கு மேலும் பறந்திருக்கிறது. 2015 நவம்பரில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது. காந்த நடுக்கோடு அருகில் செல்கிறது என்பதற்காகவே தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963இல் முதல் ராக்கெட்டை ஏவிய நாடு இந்தியா. திருநெல்வேலியில் தரையிலிருந்து இதே மண்டலத்தை ஆராயும் மையமும் இருக்கிறது. அதற்கு மேலே, சாய்வு குறைந்த பாதையில், இப்படியொரு மின்புலக் கருவியை இஸ்ரோ அனுப்ப வேண்டும்.